அம்மாவின் போன் கனெக்ட் ஆன நாள்

ஸ்விட்சும் வயரும் விற்கிறவனுக்கு மின்சாரத்தில் ஓடுகிற எல்லாமே தெரியும் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். திருப்போரூரில் எனக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. சீலிங் ஃபேன், எல்.இ.டி. பல்பு, மோட்டார் ஸ்டார்ட்டர், சீசனுக்கு சீரியல் செட். என் ராஜ்ஜியம் அவ்வளவுதான். ஆனால் யார் வீட்டு டி.வி. நின்றாலும், யார் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும், "நசீரைக் கூப்புடு" என்பார்கள். எனக்கு இது தெரியாது என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. தாடியைத் தடவிக்கொண்டு "பாத்துடலாம்" என்பேன். பாதி நேரம் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினாலே சரியாகிவிடும். அப்படிச் சொருகிச் சொருகியே நான் குடும்பத்து விஞ்ஞானி ஆனேன். (தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவதும் ஒரு தொழில்தான். அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை.)

அந்த விஞ்ஞானியின் மானம், தங்கச்சி ரிஸ்வானாவின் நிக்காஹ் அன்று, கோவளத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துக் கப்பலேறியது.

எங்கள் வீட்டு நிக்காஹ் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் வெளியே பந்தலில் உட்காருவார்கள். பெண்கள் வீட்டுக்குள்ளே. மணப்பெண்ணும் உள்ளேதான். அவளுடைய சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அவளுக்குப் பொறுப்பான ஆண் ஒருவர் பந்தலுக்குப் போய், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்ன பெண்ணை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சொல்வார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். அந்தப் பொறுப்பாளருக்கு 'வலி' என்று பெயர். அவர் இல்லாமல் காரியம் நடக்காது. அத்தா இருந்திருந்தால் அவர்தான் ரிஸ்வானாவுக்கு வலி. அவர் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டதால் அந்தப் பொறுப்பு அண்ணனாகிய எனக்கு வந்தது. அதாவது அன்றைக்கு மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக, பந்தலை விட்டு நகரவே கூடாத ஆள் நான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று ஆரம்பித்தது.

"டேய், நான் இதுவரைக்கும் ஒரு நிக்காஹும் பாத்ததில்லடா."

"இன்னாம்மா சொல்ற? ஊர்ல ஒரு கல்யாணம் வுடமாட்டியே நீ."

"கல்யாணத்துக்குப் போவேன். நிக்காஹைப் பாத்தனா? என் நிக்காஹ் அப்போ நானே ரூமுக்குள்ள தல குனிஞ்சி குந்திகினு இருந்தேன். வெளிய 'ஆமீன்'னு சத்தம் கேட்டிச்சி, ஆயிடிச்சின்னாங்க. உன்னுது நடக்கும்போது வந்தவங்களுக்கு ஷர்பத் ஊத்திகினு இருந்தேன். இவளுதையாவது கண்ணால பாத்துடணும்."

மண்டபம் பிடித்திருந்தால் பெண்கள் பக்கம் டி.வி. வைத்துக் காட்டியிருப்பார்கள். நாங்களோ வீட்டை ஒட்டின காலி மனையில் பந்தல் போடுவதாக முடிவு செய்திருந்தோம். அதனால் என்ன, வீடியோ கால் போட்டால் போகிறது என்றேன். பந்தலில் என் போன், உள்ளே அம்மா கையில் ஒரு போன். என் மனைவி பர்வீன் உடனே, "மாமி, என் போன்ல பாருங்க, பெரிய ஸ்கிரீன்" என்றாள்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு என் போன்லதான் வேணும்" என்றது.

அந்த போனுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. முதலில் நான் வாங்கி, பிறகு பர்வீன் வைத்திருந்து, கடைசியில் அம்மாவிடம் வந்தது. எங்கள் வீட்டில் போன்கள் மேலிருந்து கீழே இறங்கும், அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி. மூலையில் கண்ணாடி கீறல் விட்டு, பின்மூடி விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். அது பிடிக்கிற நெட்வொர்க்கைக் கம்பெனிக்காரர்களே மூடிவிட்டார்கள் என்பதால் சிம்மில் இண்டர்நெட் வராது, பேசத்தான் முடியும். ஆனால் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அதில் எல்லாம் தெரியும். ரோஜாப்பூ படம் இருந்தால் பெரியம்மா. ஆட்டுக்குட்டி படம் இருந்தால் கறிக்கடை. என் படத்துக்கு ஒரு பல்பு.

பக்கத்தில் இருந்த மாமு, அதாவது அம்மாவின் தம்பி, சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, அது டப்பா போனு. தூக்கிக் கடாசிட்டு புச்சு வாங்கு" என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தது. "உன் மோட்டார் பைக்கு இன்னாத்துக்குடா இன்னும் வெச்சிகினு கீற? மேட்டுல தள்ளிகினுதான போற? அத மொதல்ல கடாசு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அம்மா முகம் வாடிவிட்டதை நான் பார்த்தேன். எனக்கு அம்மா முகம் வாடினால் தாங்காது. அதனால்தான் அத்தனை பேர் முன்னாலும் தாடியைத் தடவினேன். "உன் போன்லயே காட்டறேன்மா. புதுசா ஃபைபர் கனெக்‌ஷன் வருது இல்ல? வைஃபைல போட்டுட்டா முடிஞ்சிச்சி. பாத்துடலாம்."

ஃபைபர்காரர் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வந்து, ஹாலில் மாடிப்படிக்குக் கீழே ரௌட்டரை வைத்துவிட்டுப் போனார். நான்கு கொம்பு முளைத்த கறுப்பு டப்பா. பர்வீன் போன் உடனே சேர்ந்துகொண்டது. என் போன் சேர்ந்துகொண்டது. மாமுவின் போன்கூட, அவர் கேட்காமலேயே சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அம்மா போன் மட்டும் 'இணைக்கிறது' என்று காட்டும், கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லி மௌனமாகிவிடும். எதைச் சேமித்தது, எதற்குச் சேமித்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். போனை அணைத்து எழுப்பினேன். ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்தேன். பேட்டரியைக் கழற்றி லுங்கியில் தேய்த்து மாட்டினேன். ரௌட்டருக்கு முன்னால் சாம்பிராணி காட்டுகிற மாதிரி போனை மூன்று சுற்று சுற்றினேன். 'சேமிக்கப்பட்டது.' மத்தியானத்துக்கு மேல் மருதாணி வைக்கிற பெண்கள் கூட்டம் ஹாலை நிரப்பிவிட்டதால் நான் பந்தல் பக்கம் துரத்தப்பட்டேன்.

அங்கே உட்கார்ந்து இண்டர்நெட்டில் தேடியதில் ஒரு வீடியோ கிடைத்தது. புண்ணியவான் தெலுங்கில் பேசினார். டப்பு, நைனா இரண்டையும் தவிர எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் கையசைவை வைத்துப் புரிந்துகொண்டேன். புது ரௌட்டருக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று வேகமான பாதை, ஒன்று நிதானமான பழைய பாதை. பழைய போனுக்கு அந்த நிதானமான பாதை மட்டும்தான் தெரியும். அதோடு புது ரௌட்டர் போடுகிற பூட்டும் புது மாதிரிப் பூட்டு. பழைய போன் சரியான சாவியையே கொடுத்தாலும் அது திறக்காது. ரௌட்டரின் செட்டிங்குக்குள் போய்ப் பாதையைத் தனியாகப் பிரித்து, பூட்டைப் பழைய மாதிரிக்கு மாற்றினால் போதும். அந்த மனிதர் இதைக் கண்ணிமைக்கிற நேரத்தில் செய்து காட்டினார். நானும் அப்படியே செய்துவிடலாம் என்று நினைத்தேன். (இந்த இடத்தில்தான் விதி தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது.)

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. இரண்டு சாட்சிகளோடு போய் ரிஸ்வானாவிடம் சம்மதம் கேட்டு வந்தேன். அச்சரப்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வந்து சேர்ந்தன. நிக்காஹை நடத்தி வைக்கிற ஹஜ்ரத் பந்தலில் வந்து உட்கார்ந்தார். மேடைக்கு எதிரில் இருந்த சவுக்குக் கம்பத்தில் என் போனை இன்சுலேஷன் டேப் போட்டு, கேமரா மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி கட்டி, துபாயில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு வீட்டு வைஃபையிலேயே வீடியோ கால் போட்டுவிட்டேன். டேப் கட்டுவதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பெரிய புயல் அடித்தாலும் அசையாது. பள்ளிவாசல் ஜமாஅத் பெரியவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷ வேலைதானே, முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஹால் முழுக்கப் பெண்கள். அத்தர் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் மூச்சை அடைத்தன. "நம்ம நசீருதான், வுடுங்க, போனு ரிப்பேரு பண்ண வந்துகீறான்" என்று பெரியம்மா வழி வாங்கிக் கொடுத்தது. நான் மாடிப்படிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் போன் கம்பத்தில் இருந்ததால் பர்வீனிடம் அவள் போனை வாங்கினேன்.

"இதையே மாமி கையில குடுத்தா வேல முடிஞ்சிது" என்றாள் பர்வீன்.

"ரௌட்டர் செட்டிங்கைத் தொறக்க ஒரு போன் வேணாமா?" என்றேன். இதற்கு அவள் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

செட்டிங் பாஸ்வேர்டு கேட்டது. அது ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் என்று தெலுங்கர் சொல்லியிருந்தார். ரௌட்டரைத் தூக்கி மடியில் குப்புறப் போட்டேன். எறும்பு எழுதின மாதிரி எழுத்து. மூன்று பேர் மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். பெரியம்மாவின் கண்ணாடி ஒத்துவந்தது. படித்துப் போட்டேன். தவறு என்றது. மறுபடி போட்டேன். தவறு. ஃபைபர்காரர் அதை மாற்றிவிட்டுப் போயிருந்தார். வீடியோவில் அடுத்த யோசனை: பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் ஊசியை விட்டு அழுத்திப் பிடித்தால் ரௌட்டர் பிறந்த நாளில் இருந்த மாதிரி ஆகிவிடும்.

"யார்கிட்டயாவது ஊக்கு இருக்கா?" என்று கேட்டேன்.

தலையில் முந்தானையும் ஷாலும் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஹால் நிறைந்த முஸ்லிம் பெண்களிடம் இப்படிக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நான்கு பக்கமும் ஊக்குகள் நீண்டன. சின்னது, பெரியது, முத்து வைத்தது, கல் பதித்தது. "இது ஸ்ட்ராங்கா கீது, இத புடி" என்று அம்மா தன்னுடையதைக் கொடுத்தது. ஓட்டைக்குள் விட்டு அழுத்தினேன். ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஏதோ பிரசவம் பார்க்கிற மாதிரி அத்தனை பேரும் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது.

அம்மாவின் போனை எடுத்தேன். வைஃபையில் புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது. அடியில் இருந்த நீளமான எழுத்துகளைப் பெரியம்மா கண்ணாடி வழியாகப் படித்துப் போட்டேன். 'இணைக்கிறது.' கொஞ்ச நேரம் யோசித்தது. 'இணைக்கப்பட்டது.'

"கனெக்ட் ஆயிடிச்சி!" என்று கத்திவிட்டேன்.

அடுத்த நொடி பெரியம்மா வாயில் கை வைத்துக் குலவை இட்டது.

குலவை என்பது ஒருவர் ஆரம்பித்தால் ஒருவரோடு நிற்கிற விஷயம் இல்லை. ஹால் முழுக்கக் குலவை. சமையலறையில் இருந்தவர்களும், மாடியில் பிள்ளைகளுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தவர்களும், என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். அம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. நான் ஏதோ சந்திரனில் கால் வைத்துவிட்டவன் மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

இனி வெளியே என்ன நடந்தது என்று, பிற்பாடு பல பேர் பல தடவை எனக்கு விளக்கியதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நிக்காஹ் முடிந்த செய்தி உள்ளே வந்ததும் பெண்கள் குலவை இடுவது வழக்கம். பிரியாணி மாஸ்டருக்கு மாமு கொடுத்திருந்த உத்தரவு இதுதான்: "வூட்டுக்குள்ள குலவை கேட்டதும் தம்மை ஒட." மாஸ்டர் வேலையில் கெட்டிக்காரர். குலவை கேட்டது, தம்மை உடைத்துவிட்டார். தேக்சாவின் மூடி திறந்து வாசனை கடற்காற்றோடு பந்தலுக்குள் நுழைந்தது. அச்சரப்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பி வந்த ஆட்கள். பின்வரிசையில் இருந்தவர்கள், முன்னால் நிக்காஹ் முடிந்துவிட்டது, நமக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து ஒருவரையொருவர் கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். பரிமாறுகிறவர்கள் பந்தலுக்குள்ளேயே விரிப்பை விரித்து, நான்கு பேர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். வீடியோ எடுக்க வந்தவர் ஆவி பறக்கிற தேக்சாவைப் படம் பிடிக்க ஓடினார்.

மேடையில் ஹஜ்ரத்தும் மாப்பிள்ளையும் சாட்சிகளும் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"வலி எங்கே?" என்றார் ஹஜ்ரத்.

மாமு என் நம்பருக்கு போன் போட்டார். எதிரே இருந்த கம்பத்தில் சேவல் கூவியது. (என் பையன் வைத்த ரிங்டோன். மாற்ற நேரமில்லாமல் விட்டிருந்தேன்.) மாமு திகைத்து மறுபடி போட்டார். மறுபடி சேவல் கூவியது. யாரோ ஒருவர் அதை அவிழ்க்கப் பார்த்தார், என் டேப் விட்டுக்கொடுக்கவில்லை. மாமு மட்டுமா, அவர் பேச்சைக் கேட்டு என்னைத் தேடிப் போனவர்களும் ஆளுக்கொரு பக்கமிருந்து அழைக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை தன் நிக்காஹில் ஒரு சேவலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல மனிதர், இன்றுவரை அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உள்ளே எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்கு வேறு கவலை. அம்மாவின் போனில் வைஃபை குறி முழுசாக நின்றது, ஆனால் கீழே சின்னதாக 'இண்டர்நெட் இல்லை' என்று ஒரு வரி. ரௌட்டரில் ஒரு விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஊக்கால் குத்தியதில் பாஸ்வேர்டும் அந்தப் புதுப் பூட்டும் மட்டும் அழியவில்லை, ஃபைபர்காரர் போட்டு வைத்திருந்த எல்லாமே அழிந்துவிட்டது. பர்வீன் போனிலும் இண்டர்நெட் இல்லை. துபாயில் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கும் படம் நின்றுபோயிருந்தது. வீட்டில் எல்லா போனையும் அம்மா போன் நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"படம் எப்பட்ரா வரும்?" என்று அம்மா ஆசையோடு கேட்டது. கையில் போனைக் கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து 'வராது' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அப்போதுதான் வாசலில் மாமுவின் குரல் கேட்டது. "டேய் நசீரு! இன்னாடா பண்ணிகினு கீற அங்க?"

"ஒரு நிமிஷம் மாமு, இண்டர்நெட் வரல."

"இண்டர்நெட்டாடா நிக்காஹ் பண்ணிக்கப்போவுது? ஹஜ்ரத்து குந்திகினு கீறாரு, மாப்ள குந்திகினு கீறாரு, மத்தவங்கல்லாம் பிரியாணி துன்னுகினு கீறாங்க. வலிய காணோம்னு ஊரே தேடுது. எழுந்து வாடா!"

"பிரியாணியா? நிக்காஹ் ஆவலியே இன்னும்?"

"அத உன் குலவை பார்ட்டிய கேளு!"

பெரியம்மா அங்கிருந்து மெல்ல நழுவி அறைக்குள் போனது.

நான் எழுந்து ஓடத்தான் நினைத்தேன். ஆனால் ஓடி எங்கே போவது? பந்தல் முழுக்கச் சஹன். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே நிக்காஹ் மஜ்லிஸ் நடத்த முடியாது. எழுந்திருங்கள் என்று சொல்லவும் முடியாது. சம்பந்தி வீட்டார், முதல் சாப்பாடு. ரிஸ்வானாவுக்கு அந்த வீட்டில் இது காலத்துக்கும் சொல்லிக்காட்டுகிற பேச்சாகிவிடும். அத்தா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று நினைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஹஜ்ரத் வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்கு மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கேளம்பாக்கத்தில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே மடியில் ரௌட்டரும் மூக்கில் பெரியம்மா கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"சாப்பிட உக்காந்தவங்கள எழுப்பக் கூடாது" என்றார் நிதானமாக. "பொம்பளைங்கள உள் ரூமுக்குப் போவச் சொல்லுங்க. ஒரு பாய் போடுங்க. வலி கீற எடத்துலயே முடிச்சிடலாம்."

பெண்கள் பக்கத்து அறைக்குள் போனார்கள். அந்த அறை வாசலில் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். என் எதிரே பாய் விரித்து மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். சாட்சிகள் வந்தார்கள். ஹஜ்ரத் என் வலது கையை மாப்பிள்ளையின் வலது கையோடு சேர்த்து வைத்தார். ரௌட்டரின் வயர் சுவரோடு குட்டையாக இருந்ததால், கீழே வைத்தால் எங்கே பிடுங்கிக்கொள்ளுமோ என்று அதை இடது கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் இண்டர்நெட் வந்துவிடும், அம்மாவுக்குப் படம் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பாசை.

ஹஜ்ரத் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். அத்தா பெயரைச் சொல்லி, அவர் மகள் ரிஸ்வானாவை உங்களுக்கு என்று வரும்போது குரல் உடைந்துவிட்டது. மாப்பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏத்துக்கிட்டேன்" என்றார்.

துஆ ஓதி ஆமீன் சொல்லி முடித்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். திரையின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதில் மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேலே அம்மா. கீழே, மருதாணிக் கையால் திரையைப் பிடித்துக்கொண்டு, ரிஸ்வானா.

எனக்கும் அம்மாவுக்கும் நடுவே நான்கு முழம்கூட இல்லை. வைஃபை, வீடியோ கால், பழைய பாதை, புதுப் பாதை எதுவும் இல்லாமல், அம்மா முழு நிக்காஹையும் கண்ணாலேயே பார்த்துவிட்டது. முதல் வார்த்தை ஆரம்பிக்கும்போதே ரிஸ்வானாவின் கையைப் பிடித்து இழுத்து, "வாடி, நீயும் பாரு. உன்னுதுதான்" என்று சொன்னதாம். எங்கள் குடும்பத்தில் தன் நிக்காஹைத் தானே பார்த்த முதல் பெண் என் தங்கச்சிதான்.

உள்ளே யாரும் குலவை இடவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தது, அதைப் பார்த்து மற்றவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். ஹஜ்ரத் தப்தரில், அதாவது நிக்காஹ் பதிவேட்டில், கையெழுத்து வாங்கி மூடிவிட்டு, திரைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "இப்ப வுடுங்கம்மா குலவையை. இப்பதான் அதுக்கு நேரம்." பெரியம்மா வெட்கப்பட்டு, மிகச் சின்னதாக ஒன்று விட்டது.

சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டே பந்தலுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அத்தா சஹனிலிருந்து நிமிர்ந்து, "வலி வந்துட்டாரா? வாங்க, குந்துங்க. உங்க வூட்ல பசி நேரம் தெரிஞ்சி சோறு போடறாங்க" என்று எனக்கு இடம் விட்டார். எனக்கு அப்படியே அவர் காலில் விழலாம் போல இருந்தது. மாமு பின்னால் கம்பத்தில் கத்தியால் டேப்பை அறுத்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீடியோ வந்தபோது எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். தம் உடைப்பது, ஆவி, கறித்துண்டு, சஹன், சேவல் கூவுகிற கம்பம் எல்லாம் தெளிவாக வந்திருந்தது. நிக்காஹ் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் வீடியோகாரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே யாருக்கும் படம் எடுக்கத் தோன்றவும் இல்லை.

அப்போது அம்மா இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தது. ரப்பர் பேண்டைச் சரி செய்துகொண்டு, ஒரு படத்தைத் திறந்து நீட்டியது. திரை இடைவெளி வழியாக எடுத்தது. ஓரமெல்லாம் பூப்போட்ட விரிப்பு. நடுவில் ஹஜ்ரத்தின் கை, தலை குனிந்த மாப்பிள்ளை, நான். என் ஒரு கை மாப்பிள்ளை கையில். இன்னொரு கையில் நான்கு கொம்போடு ரௌட்டர். மூக்கில் கோல்டு ஃபிரேம் லேடீஸ் கண்ணாடி. என் பார்வை மாப்பிள்ளை மேல் இல்லை, ரௌட்டரின் சிவப்பு விளக்கின் மேல். ரிஸ்வானாவின் நிக்காஹுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே படம் அதுதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு நிக்காஹ் தேதி குறித்தாலும் முதலில் வருகிற கேள்வி, "வலி கனெக்ட் ஆயிட்டாரா?" என்பதுதான். பிரியாணி மாஸ்டருக்கு இப்போது உத்தரவு நேரில் ஆள் போய்த்தான் சொல்லப்படுகிறது. மாமு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார், சேவல் வேஷமும் அவரே போடுவார்.

அந்தப் படத்தை வாங்கத்தான் யாராலும் முடியவில்லை. போனில் கேபிள் சொருகினால் சார்ஜ் மட்டும்தான் ஏறும். கீறல் விட்ட கண்ணாடியை வேறு போனால் படம் பிடித்தால் வெறும் பளபளப்புதான் வரும். வைஃபை உங்களுக்குத் தெரியும். அதனால் பார்க்க வேண்டுமென்றால் அம்மாவிடம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ரிஸ்வானா அச்சரப்பாக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் பார்ப்பாள். அவள் மாமியார் வந்து பார்த்தார்கள், பிறகு தன் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். துபாய்க்காரர்கள் லீவில் வந்ததும் ஏர்போர்ட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்து, போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, முதலிலிருந்து கதையைச் சொல்லும்.

பாதையைப் பிரிப்பதும் பழைய பூட்டுப் போடுவதும் எனக்கு இப்போது தண்ணீர்பட்ட பாடு. ஃபைபர்காரரை வைத்தே கற்றுக்கொண்டேன். போன ரம்ஜானில் ஒருநாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தாடியைத் தடவாமல், மெதுவாகக் கேட்டேன். "அம்மா, இப்ப நெஜமாவே எனக்குத் தெரியும். உன் போனை ஒரே நிமிஷத்துல கனெக்ட் பண்ணிடுவேன். அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பிடலாம். பாவம், ஒவ்வொருத்தரும் அவ்ளோ தூரத்துலருந்து வர்றாங்க."

அம்மா போனை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டது.

"வர்றாங்க இல்ல?" என்றது. "அப்புறம் இன்னாத்துக்குடா கனெக்ட் பண்ற?"